சகலை வாங்கிய ஒல்லி லேப்டாப்

சகலை பையிலிருந்து அதை உருவியபோது, ஏதோ அழைப்பிதழ் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து டிசைனர் இரண்டு கையையும் நீட்டிவிட்டார். அவ்வளவு ஒல்லி. பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் ஆள் மட்டும் தெரிய, லேப்டாப் மறைந்துபோகும் போலிருந்தது.

"புதுசுண்ணே. நேத்துதான் வாங்கினேன்" என்று சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒற்றை விரலால் மூடியைத் தூக்கினார் சகலை. திரை சத்தமில்லாமல் மலர்ந்தது. டிசைனரின் வயிறு அந்த இடத்திலேயே பற்றிக்கொண்டது.

சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். தொழில் ஆடிட்டர். ஊரார் வரிக்கணக்கைக் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுப்பது வேலை. அதற்கு எதற்கு இது?

"வெயிட்டு எவ்வளவு தம்பி?"

"வெயிட்டா? பையில இருக்கா இல்லையான்னு வழியில மூணு தடவை தொறந்து பாத்தேண்ணே!"

டிசைனர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடிப்பாகத்தில் இருந்த பொடி எழுத்துகளைப் படித்தார். கிராபிக்ஸ் கார்டின் பெயரைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கு, தெரியுமா?"

"அப்படியா? அதை எங்க சொருகணும்?"

"உள்ளயே இருக்குய்யா! பெரிய பெரிய 3டி வேலையெல்லாம் அசால்டா செய்யும்."

"ஓ, அதான்! மத்தியானம் சீட்டு ஆடுறப்போ ரொம்ப வழுவழுன்னு ஓடுது."

ஒரு நகரத்தையே வெயிலும் நிழலுமாக எழுப்பி நிறுத்தக்கூடிய சிப்பு, இஸ்பேட் ராணியின் மேல் டைமண்ட் ஜாக்கியை அடுக்கிக்கொண்டிருந்தது. டிசைனருக்குக் காதில் புகை வந்தது. புகை என்றால் சும்மா இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் கொடியில் காய்ந்த துணியை எடுத்திருப்பார்.

அவர் எரிச்சலுக்கும் நியாயம் இருந்தது. கடை, ஆஸ்பத்திரி, வீடு இவற்றின் உள்ளமைப்பை வரைந்து, கட்டி முடிக்கும் முன்பே கம்ப்யூட்டரில் வாடிக்கையாளரை உள்ளே நடத்திக்காட்டுவதுதான் அவர் பிழைப்பு. அந்த வேலைக்கு அவரிடம் இருந்த லேப்டாப்புக்கு வீட்டில் எருமை என்று பெயர். கட்டிலில் வைத்தால் மெத்தை பள்ளம் விழும். சார்ஜருக்குத் தனிப் பை. ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் துணி துவைக்கிற மிஷின் ஓடுகிறதென்று மனைவி போய்ப் பார்த்துவிட்டு வருவாள். சார்ஜரைக் கழற்றினால் ஒரு காபி ஆறுவதற்குள் மூச்சை விட்டுவிடும். அதைச் சுமந்து சுமந்து வலது தோள் இறங்கிப்போய், தையல்காரர் இப்போது சட்டையைக் கோணலாகவே வெட்டிக் கொடுக்கிறார்.

இந்தச் சுமை தாங்காமல் ஒருமுறை ஒல்லியாக ஒன்று வாங்கியும் பார்த்தார். தனி கிராபிக்ஸ் இல்லாத அந்த நோஞ்சான், ஒரு சோபாவைக் காட்டச் சொன்னதற்கே திரை வெளுத்து மயக்கம் போட்டது. இப்போது அதில் மனைவி பாட்டு கேட்கிறாள்.

"தெம்பு இருந்தா தூக்க ஆள் வேணும், தூக்க முடிஞ்சா தெம்பு இல்ல. ரெண்டும் சேர்ந்தது ஒண்ணு கெடைக்காதான்னு நான் கெடந்து அலையறேன். அது போயும் போயும் சீட்டாடற கையில வந்து உக்காந்திருக்கு பாரு" என்று சகலை போனபின் மனைவியிடம் புலம்பினார்.

அந்த வாரமே ஒரு பல் டாக்டரம்மா கூப்பிட்டார். புதிய கட்டடத்தில் கிளினிக். வேலை பெரிது. ஆனால் கட்டடத்துக்கு இன்னும் கரண்டு வரவில்லை.

"நான் அந்த இடத்துலயே நின்னுதான் பார்ப்பேன். எந்தச் சுவர் எங்க வருதுன்னு நடந்து பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா.

கரண்டு இல்லாத இடத்தில் எருமை எழுந்து நிற்காது. நோஞ்சான் நின்றாலும் நடக்காது.

"அவர்கிட்ட ஒரு நாளைக்குக் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"அவன்கிட்டயா? நானா?"

"வேற யாரு, நானா போய்ப் படம் காட்டப்போறேன்? இந்த வேலை கெடச்சா அட்வான்ஸ்ல உங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு வாங்கிடலாம். ஆனா அது இல்லாம முடியாதுன்னு எனக்குத் தெரியணும். இன்னொரு பாட்டுப் பெட்டிக்குக் காசு கொடுக்க மாட்டேன்."

டிசைனர் அங்கேயே கவிழ்ந்தார். போனை எடுத்து, மழை, முதுகுவலி, குழந்தைகள் படிப்பு என்று உலகத்தையே சுற்றிவிட்டு விஷயத்துக்கு வந்தார். சகலை தானே கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்தவர் சும்மா கொடுத்தாரா?

"மடியில வெக்காதீங்கண்ணே, அதுக்குச் சூடு ஆகாது. மேல ஒட்டியிருக்க பிளாஸ்டிக்க உரிச்சுடாதீங்க. தும்மல் வந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

அவர் தலை மறைந்ததும் டிசைனர் வரவேற்பறை மேசையில் சார்ஜரோடு அதை உட்காரவைத்து, வரைந்துவைத்திருந்த கிளினிக்கை ஏற்றினார். வழுக்கிக்கொண்டு ஓடியது. சந்தோஷப்பட வேண்டியவருக்கு இன்னும் எரிந்தது. எருமையைத் தட்டிக்கொடுத்து ஒவ்வொரு நிழலாகக் கெஞ்சி வாங்கியவர், இன்று செட்டிங்ஸில் இருந்த அத்தனையையும் உச்சத்துக்குத் தள்ளினார். அடுத்தவன் மெஷின்தானே! தரையில் பிரதிபலிப்பு. கண்ணாடிக்குள் கண்ணாடி, அதற்குள் இன்னொரு கண்ணாடி. தொட்டிச்செடியின் ஒவ்வொரு இலைக்கும் தனி நிழல். வாய் கொப்பளிக்கும் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு நீர்த்துளி, அந்தத் துளிக்குள் மொத்த கிளினிக்கும் தலைகீழாக.

சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பது இந்தத் தொழிலில் நேற்று சேர்ந்தவனுக்கும் தெரியும். பேட்டரியில் ஓடும்போது எந்த லேப்டாப்பும் தன் பலத்தை ஒளித்துவைத்துக்கொள்ளும். டிசைனருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பொறாமையில் அவர் அந்த லேப்டாப்பைத் தெய்வமாக்கிவிட்டிருந்தார். தெய்வத்துக்கு எதற்குச் சோதனை?

மறுநாள் காலை, பூசாத சுவர்களுக்கு நடுவே அதை டாக்டரம்மாவின் கையில் கொடுத்தார். வாசல் கதவு திறந்தது. வரவேற்பறை தகதகவென்று மின்னியது. "அட!" என்றார் டாக்டரம்மா. டிசைனருக்கு உச்சி குளிர்ந்தது.

நாலு அடி நடப்பதற்குள் படம் திக்கியது. அப்புறம் திணறியது.

"நான் இங்க வந்துட்டேன். உங்க கிளினிக் இன்னும் வாசல்லயே நிக்குதே?"

"வந்துரும் மேடம், பின்னாலயே வருது."

வந்தது. வந்து, கழிப்பறைக் கதவில் சிக்கி உறைந்துவிட்டது. லேப்டாப்பின் அடி, சட்டைக்கு இஸ்திரி போடலாம் என்ற சூட்டில் இருந்தது.

"என் சொந்த கிளினிக்ல என்னைப் பாத்ரூம்ல வெச்சுப் பூட்டிட்டீங்களே!"

டிசைனர் அவசரமாகக் கையை நீட்டினார். லேப்டாப்பை வாங்கி ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். நீர்த்துளி போனது. கண்ணாடிகள் போயின. நிழல், செடி, மரத்தின் ரேகை, விளக்கு எல்லாம் போய், கடைசியில் வெள்ளைச் சுவரும் சாம்பல் நிறப் பெட்டிகளும் மட்டும் நின்றன. கல்யாண வீட்டில் பந்தலைப் பிரித்த மாதிரி இருந்தது. ஆனால் படம் பறந்தது.

வேலை போச்சு என்று முடிவுகட்டிக்கொண்டு அதை நீட்டினார். டாக்டரம்மா தட்டு ஏந்துவதுபோல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடந்தார். திரும்பினார். சிகிச்சை அறை வரவேண்டிய இடத்தில் ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து, இடதுகையை நீட்டிப் பார்த்தார்.

"வாஷ்பேசின் இந்தப் பக்கம் வந்தா நான் எழுந்திருக்காமலே கை கழுவலாம் இல்ல?"

டிசைனர் ஒரு சாம்பல் பெட்டியை இழுத்து இடப்பக்கம் வைத்தார். டாக்டரம்மா மறுபடி கையை நீட்டினார். பக்கத்து அறைக் கதவையும் கொஞ்சம் தள்ளச் சொன்னார். தள்ளினார்.

"இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் பூந்தொட்டியைக் காட்டிட்டுப் போனாங்க" என்று எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "எப்ப ஆரம்பிக்கறீங்க?"

வெளியே வந்தபிறகுதான் டிசைனருக்கு உறைத்தது. வெறும் பெட்டிகளை நகர்த்திக்காட்டத்தானே வேலை கிடைத்தது? அதைப் பாட்டுப் பெட்டிகூடத் தூக்கத்தில் செய்யும். இது மட்டும் மனைவி காதுக்குப் போனால், புது லேப்டாப்புக்கு அன்றே சங்கு!

சாயங்காலம் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க மனைவியோடு சகலை வீட்டுக்குப் போனார்.

"எப்படிண்ணே ஓடுச்சு?"

மனைவி இவரையே பார்த்தாள். சகலையின் பொருளைச் சகலையின் வீட்டிலேயே புகழ்வதைவிட அந்த டாக்டரம்மாவிடம் மயக்க ஊசி இல்லாமல் நாலு பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கலாம்.

"தம்பி, இது இல்லேன்னா வேலையே இல்ல. டாக்டரம்மா கண்ணுல தண்ணி வந்துருச்சு. பூந்தொட்டிய மோந்து பாக்கப்போய் ஸ்க்ரீன்ல மூக்க இடிச்சுக்கிட்டாங்கன்னா பாத்துக்கோயேன்!"

சகலையின் மார்பு விரிந்து சட்டைப் பொத்தான் ஒன்று முனகியது. "நான் அப்பவே சொன்னேன்ல அத்தான், இவர் எது வாங்கினாலும் யோசிச்சுத்தான் வாங்குவார்னு" என்றாள் கொழுந்தியாள்.

"இவ்வளவு உபயோகமா இருக்குன்னா சரிதான்" என்று மனைவி ஆரம்பித்தாள். டிசைனரின் இதயம் புது லேப்டாப்பின் பெட்டியைப் பிரிக்கத் தயாரானது. "அப்ப நமக்கும் ஒண்ணு..."

"எதுக்கு அண்ணி?" என்று பாய்ந்தார் சகலை. "இது என்ன வேத்து வீடா? அண்ணனுக்கு எப்பவாச்சும்தானே வெளிய போய்க் காட்டற வேலை? வேணுங்கறப்ப எடுத்துக்கட்டும். நான் சீட்டு போன்ல ஆடிக்கறேன்."

"தங்கமான மனசுங்க உங்களுக்கு!" என்று மனைவி உருகிப்போனாள்.

"இல்ல, அது வந்து... நெஜத்தைச் சொல்லணும்னா..." என்று டிசைனர் வாயெடுத்தார்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நிஜத்தைச் சொன்னால் பாட்டுப் பெட்டி. சொல்லாவிட்டால் சகலையின் தயவு. எந்தப் பக்கம் ஓடினாலும் சுவர், அதுவும் வெள்ளைச் சுவர்.

"தம்பிக்குப் பெரிய மனசு. அதைத்தான் சொல்ல வந்தேன்."

"அட போங்கண்ணே!" சகலை வெட்கத்தோடு லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தினார். "இனிமே என்னைக் கேக்கக்கூட வேணாம். பாஸ்வேர்டுகூட உங்களுக்கு மறக்காத மாதிரி ஈசியா மாத்திவெச்சுட்டேன். என் பேருதான். எங்க, ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க பாப்போம்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, டிசைனர் ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்.