'வந்துட்டேன்' எந்தக் காலம்?

1

இந்தக் கதை என் மூளையில் பிறக்கவில்லை. அம்மா கேட்ட கேள்வியில் பிறந்தது. மூன்று வருடம் கழித்து ஊர் திரும்ப அக்கா விமானம் ஏறிவிட்டாள் என்று தெரிந்ததும் அம்மா கேட்டாள்: "எவ்ளோ தூரம்டா?"

தேடிப் பார்த்துச் சொன்னேன். "எட்டாயிரம் கிலோமீட்டர். பத்து மணி நேரம்."

"இப்ப எங்க இருப்பா?"

பறக்கும் விமானங்களைக் காட்டும் வரைபடத்தை போனில் திறந்தேன். கடலுக்கு மேல் ஒரு மஞ்சள் புள்ளி. காய்ச்சல் பார்ப்பதுபோல அதைப் புறங்கையால் தொட்டாள் அம்மா.

கல்லூரி இதழுக்கு நான் ஒரு கதை பாக்கி. சரி, இதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் வரி: விமானம் மேகங்களைக் கிழித்துக்கொண்டு [வேண்டாம். மேகம் ஏற்கெனவே கிழிந்துதான் இருக்கும்.]

இன்னொன்று: தூரம் என்பது மனம் சம்பந்தப்பட்ட [இதைப் படித்தால் அக்கா பாதி வழியிலேயே திரும்பிவிடுவாள்.]

கடைசியில், முடிவிலிருந்தே ஆரம்பித்தேன்: அக்கா வந்துவிட்டாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

3

(இங்கே ஓர் இலக்கணக் குறிப்பு. நம்மவர்கள் குளியலறையில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டு "இதோ வந்துட்டேன்" என்பார்கள். இறந்தகாலம். ஆள் வர அரைமணி ஆகும். நம் வினைச்சொல் எப்போதும் உடம்புக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதுவரை யாரும் அதற்குக் கதவைத் திறந்ததில்லை.)

வெளியே அக்காவின் குரல். "டேய் சோம்பேறி, வந்துட்டேன்டா. தொற."

போனைப் பார்த்தேன். புள்ளி கடல்மேலேயே இருந்தது. தரையிறங்க இன்னும் ஆறு மணி நேரம்.

"அவள நிக்க வச்சுட்டு என்னடா கிறுக்கிட்டிருக்க?" என்றாள் அம்மா.

"அம்மா, அவ இன்னும் வரல. இதப் பாரு."

"கொரல் கேக்குதுல்ல?"

"கேக்குது. அதான் பயமா இருக்கு."

பயத்தில் 'அக்கா வந்துவிட்டாள்' என்ற வரியை அடித்து அழித்தேன். தட்டல் நின்றது. போனில் புள்ளியும் இல்லை. வெறும் கடல்.

"எங்கடா போனா?" அம்மா போன்மேல் குனிந்தாள்.

அவசரமாக மறுபடி எழுதினேன். புள்ளி வந்தது. தட்டலும் வந்தது.

4

நகைச்சுவைக் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன், நம்புங்கள்.

'வந்துகொண்டிருக்கிறாள்' என்று மாற்றிப் பார்த்தேன். தட்டல் ஓய்ந்தது. புள்ளி இருந்தது, ஆனால் நகரவில்லை. ஆறு மணி நேரம் ஆறு மணி நேரமாகவே நின்றது. அந்த வினைக்கு முடிவே கிடையாது. அக்கா வந்துகொண்டே இருப்பாள்.

'வருவாள்' என்று எழுதச் சொல்லாதீர்கள். அதை அம்மா மூன்று வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

'வந்துவிட்டாள்' என்றே விட்டால், வெளியே நிற்பது உள்ளே வரும். அக்காவின் குரலில் பேசும், என்னைச் சோம்பேறி என்று திட்டும். அப்புறம் ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு முறை கதவு தட்டப்பட்டால், யார் போய்த் திறப்பது? உள்ளே இருப்பதா?

அதனால் வரியின் வாலை, 'விட்டாள்' என்பதை மட்டும் அழித்திருக்கிறேன். புள்ளி மங்கி மங்கித் தெரிகிறது. வெளியே யாரோ கையை ஓங்கிக்கொண்டு, தட்டாமல் நிற்கிறார்கள்.

அம்மா தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள். திரும்பி என்னைப் பார்க்கிறாள். "தொறக்கவா, வேணாமா? சொல்லித் தொலடா."

என்னால் இந்த வரியை முடிக்க முடியவில்லை. பேனா உங்களிடமும் இருக்கும். கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம்.

அக்கா வந்து