வெளுத்துப்போன பாதி

அந்த லாண்டரிக்காரரைத் தெருவில் எல்லோரும் 'மடிப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தேய்த்த சட்டையின் கைமடிப்பு சாயங்காலம்வரை கலையாது என்பது ஒரு காரணம். மனுஷனே ஒரு மடிப்பு என்பது இன்னொன்று. நல்லதோ கெட்டதோ, தானாக வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் எதிரில் இருப்பவர் ஏதாவது ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிடட்டும், அவ்வளவுதான்! பக்கத்துக் கடை சலூன்காரர் "நேத்து நல்ல மழை" என்று யாரிடமோ சொன்னால், இவர் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, "நேத்து இல்ல, முந்தாநாள்" என்று திருத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

இப்படி ஒரு ஆளுக்கு வாய்த்தவள் கதை எழுதுகிறவள். கல்லாவில் உட்கார்ந்து துணிகளுக்கு நம்பர் துண்டு கட்டுவதும் அவள்தான், நடுநடுவே வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுவதும் அவள்தான். மடிப்பு அவளைக் 'கதைக்காரி' என்பார். கோபத்திலும் அதே பேர்தான், கொஞ்சலிலும் அதே பேர்தான்.

கதைக்காரிக்கு ஆட்கள் சட்டைப் பையிலிருந்து கிடைத்தார்கள். துணியை மெஷினில் போடுமுன் பையைத் துழாவிப் பார்ப்பது லாண்டரியில் முதல் வேலை. சாவி வரும், பேனா வரும், மாத்திரை வரும், சில சமயம் போட்டோவும் வரும். போட்டோவைக் கல்லாக் கண்ணாடியில் ஒட்டி வைப்பார்கள். நாளாகியும் யாரும் கேட்காத படங்கள் பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். கதைக்காரி எழுத உட்காரும்போது டப்பாவைத் திறந்து ஒரு முகத்தை எடுத்து எதிரில் வைத்துக்கொள்வாள். அந்த முகம் அவளிடம் என்னதான் சொல்லுமோ, நாலு வாரத்தில் அதற்கு ஒரு வீடு, ஒரு சண்டை, ஒரு மாமியார் எல்லாம் வந்துவிடும்.

அதில் அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நிஜ ஆளில் ஒன்றையாவது மாற்றியாக வேண்டும். "மாத்தினாத்தான் அது நம்ம ஆளு. இல்லேன்னா அவங்க வீட்டு ஆளு" என்பாள். ஒருமுறை கோட்டுப் பையில் விட்டுப்போன ஒரு பல் டாக்டரின் படத்தை எடுத்து, மீசையை மட்டும் வழித்துவிட்டு, சொத்துக்காக அண்ணனை ஏமாற்றுகிற தம்பியாக்கிவிட்டாள். அதே டாக்டர் ஒருநாள் கோட்டு வாங்க வந்தவர், காத்திருந்த நேரத்தில் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "இந்தப் பயலைக் கட்டி வச்சு உதைக்கணும்மா!" என்று பொரிந்து தள்ளினார். "ஆமாங்க டாக்டர்" என்றாள் கதைக்காரி, முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். மடிப்புதான் சிரிப்பை அடக்க முடியாமல் துணி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் மடிப்புக்கு ஏனோ வாய் வந்தது.

"ஊர்ல போறவன் வர்றவன் மூஞ்சியெல்லாம் எழுதறே. என் மூஞ்சி மட்டும்தான் ஒனக்கு ஆகல."

"உங்களையா? உங்களை வச்சு என்னத்தை எழுதறது? முதல் பக்கத்துலயே வாயை மூடிக்குவீங்க. நான் எப்படித் தொடர்கதை ஓட்டறது?"

அவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் அது முள்ளாகத் தைத்துவிட்டது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருக்கிறோம், நம்மிடம் ஒரு கதைகூட இவளுக்குத் தென்படவில்லையா? சின்னப்பிள்ளைத்தனம்தான். இருக்கட்டுமே, கட்டிக்கொண்டவளிடம் இல்லாமல் வேறு யாரிடம் காட்டுவது?

அவருடைய பழைய டிரங்குப் பெட்டியில், அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே ஒரு படம் இருந்தது. விடைத்த காதோடு ஒரு சிறுவன். அவன் கையைப் பிடித்தபடி அவனைவிட ஒரு தலை உயரமாக ஒரு பெண். அந்தக் கையின் ஆள்காட்டி விரலில் துணிக்கட்டு. சிறுவன் மடிப்புதான். பெண் அவருடைய அக்கா. படம் எடுத்த அதே வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பிறகு அவள் பேரை எடுத்தாலே அம்மா அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிடுவாள். அதனால் வீட்டில் யாரும் அந்தப் பேரை எடுப்பதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், "பையனுக்குக் கூடப்பொறந்தவங்க?" என்று கேட்டபோது அம்மா, "யாரும் இல்லீங்க, ஒரே பிள்ளை" என்றாள். மடிப்பு தன் வாழ்நாளில் திருத்தாமல் விட்ட தப்பு அது ஒன்றுதான். அன்றைக்கு விட்டது, பிறகு எப்போது சொல்வது என்றே தெரியாமல் போய்விட்டது.

யாரோ விட்டுப்போன படம் என்று நினைத்தாவது தன்னை எழுதிவிடுவாள் என்று அந்தப் படத்தைத்தான் அவர் எடுத்தார். அக்கா இருக்கும் பாதியைப் பின்பக்கம் மடித்தார். பையன் மட்டும் போதும். துழாவலில் தப்பி நனைந்துபோன சட்டைப்பைப் படம் மாதிரியே தெரிய வேண்டுமென்று ஒரு பழைய சட்டையின் பையில் வைத்து, ஒரே ஒரு சுற்று நனைத்து எடுத்துவிடலாம் என்று மெஷினில் போட்டார். தொழில் தெரிந்தவன் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம்! அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள், பட்டன் ஒன்று காணோம் என்று கடையையே இரண்டாக்கினாள். அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு ஓடி வந்தால், மெஷின் முழுச் சுற்றும் சுற்றி முடித்து அமைதியாக நின்றுகொண்டிருந்தது.

பையன் பிழைத்திருந்தான். அக்கா இருந்த பக்கம் வெளுத்துப்போயிருந்தது. முகம், தோள், பாவாடை எல்லாம் போய், தம்பியைப் பிடித்த அந்தக் கையும் விரல்கட்டும் மட்டும்தான் மிச்சம். எத்தனையோ பேர் துணியில் கறை போகவில்லை என்று மல்லுக்கட்டிய மனுஷன், போனதை எண்ணி ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு படத்தைக் காகிதத்தில் ஒற்றி, தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவர் கழற்றிப் போட்ட சட்டையைக் கதைக்காரி எடுத்தாள். பழக்க தோஷம், கை தானாகப் பைக்குள் போயிற்று.

"இது யாரு படங்க?"

"தெரியல. ஏதோ பழைய துணியில வந்திருக்கும்."

"கண்ணாடியில ஒட்டட்டுமா?"

"வேணாம். இந்தப் பையன் இப்போ கிழவனாயிருப்பான். யாரு வந்து கேக்கப்போறா?"

"காதைப் பாருங்களேன்! கொஞ்சம் உங்க காது மாதிரி இருக்கு."

"ஊர்ல எத்தனையோ காது" என்றார் மடிப்பு.

அவளுக்கு அந்தப் படம் பிடித்துப்போயிற்று. அதிலும் அந்தக் கை. முகமில்லாத கை யாருடையது, ஏன் பிடித்திருக்கிறது? புதுத் தொடர் ஆரம்பித்துவிட்டாள். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர் துணி மடிக்க, அவள் அன்றைக்கு எழுதியதைப் படித்துக்காட்டுவது வழக்கம். முதல் இரண்டு நாள் அவர் மூச்சுவிடவில்லை. மூன்றாம் நாள் அவள் படித்தாள்:

"'சந்தைக் கூட்டத்தில் அந்தக் கை சிறுவனை விட்டது. தவறி விடவில்லை. வேண்டுமென்றேதான் விட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்...'"

"தப்பு."

அவள் நிமிரவில்லை. இது தினம் நடப்பதுதானே! "எது தப்பு?"

"அவ விட்டுட்டுப் போகல."

"கதைங்க இது. நான் போகச் சொன்னா அவ போகவேண்டியதுதான்."

"அவ என்னை விட்டுட்டுப் போகல!"

அவர் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. கதைக்காரி மெதுவாகத் தலையைத் தூக்கினாள். எதிரிலிருந்த படத்தைப் பார்த்தாள், அவர் காதைப் பார்த்தாள்.

"உங்களையா?" என்றாள்.

அதற்குமேல் மடிப்பு தாங்கவில்லை. அக்கா, காய்ச்சல், அம்மா, மெஷின், எல்லாம் முன்னுக்குப் பின்னாகக் கொட்டிற்று. கடைசியில், "கண்ணை மூடினா அவ மூஞ்சி வரமாட்டேங்குது, கதைக்காரி. அந்த வெள்ளைதான் வருது. இருந்த ஒரே படம். நானே துவைச்சுட்டேன்" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகையாக வந்தது.

மறுநாள் அவள் புதிதாக எழுதியதைப் படித்தாள். "'அக்காவுக்கு நல்ல உருண்டை முகம்...'"

"உருண்டையா? யாரு சொன்னது? நீளம். தாடை கொஞ்சம் கூரா இருக்கும்."

"சரி" என்று அடித்துத் திருத்தினாள்.

அதற்கு மறுநாள், "'முத்துமுத்தான பல்வரிசை...'"

"அதெல்லாம் இல்ல! ஒரு பல்லு இன்னொண்ணு மேல ஏறியிருக்கும். சிரிச்சா கையால மூடிக்குவா."

விரல்கட்டு நாய் கடித்ததால் என்று எழுதினாள். இல்லை, கதவிடுக்கில் தம்பியின் விரல் மாட்டுமுன் தன் விரலைக் கொடுத்தாள் என்று தெரிந்தது. அக்கா சாந்தம் என்று எழுதினாள். மூக்கு நுனியில் கோபம் என்று தெரிந்தது. கோபம் வந்தால் மூக்கே சிவந்துவிடுமாம். அப்படியே மூக்கும் வந்துசேர்ந்தது.

ஒருநாள் அவள், "'அக்காவுக்குத் தம்பி என்றால் அவ்வளவாக ஒட்டுதல் இல்லை'" என்று படித்தாள். மடிப்பு பாய்ந்து எழுந்தார். "ஒட்டுதல் இல்லையா? காய்ச்சல்ல படுத்தப்பகூட, அவனைக் கிட்ட விடாதீங்க, அவனுக்கு ஒட்டிக்கும்னு சொன்னவ அவ! ஜன்னல் வழியா என்னைப் பாத்துச் சிரிச்சா, கையால வாயை மூடிக்கிட்டு..."

பாதியில் நின்றார். கண்ணை மூடினார். நெடுநேரம் திறக்கவில்லை.

"வந்துட்டா" என்றார். பிறகு கண்ணைத் திறந்து, "நீ வேணும்னே தப்புத்தப்பா எழுதறே" என்றார்.

"ஆமா. கேட்டாச் சொல்ற ஆளா நீங்க? தப்பாச் சொன்னாத்தானே வாய் திறக்குது!"

அவர் அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை நேராக்கினாள். "எல்லாம் சரியாயிடுச்சு. ஆனா பத்திரிகைக்குப் போறதுக்கு முந்தி ஒண்ணை மாத்தியாகணும். உங்களுக்கே தெரியும். எதை மாத்தட்டும்? பல்லையா? கோபத்தையா?"

"அதெல்லாம் தொடாதே."

"பின்னே எதைத்தாங்க மாத்தறது?"

மடிப்பு மடிக்க இருந்த ஒரு சட்டையை எடுத்து உதறினார். அவளைப் பார்க்காமல் சொன்னார்:

"அந்தக் காய்ச்சலை மாத்திடேன். விட்டுப்போச்சுன்னு எழுதிடு."

கதைக்காரி பேனாவை எடுத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள். எழுதியதைப் படித்தாள்:

"'மறுநாள் காலையில் அக்காவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. ஜன்னலைத் திறந்து தம்பியைக் கூப்பிட்டாள்.'"

தப்பு என்று அவர் சொல்லவில்லை. சட்டையின் கையை மடித்து வைத்துவிட்டு, "மேல படி" என்றார்.