தொட்ட கையெல்லாம் வீக்கம்

கண்ணை மூடிக்கொண்டுதான் தொட வேண்டும். ஜொகூர் பாருவில் அந்த அரசாங்க ஆஸ்பத்திரியில், மூட்டுவாத நிபுணராவதற்கான ஃபெல்லோஷிப்பில் சேரும் டாக்டர்கள் முதலில் பழகுவது இதைத்தான். கண் திறந்திருந்தால் மோதிரம் தெரியும், சுருக்கம் தெரியும், நோயாளி முகம் சுளிப்பது தெரியும், அப்புறம் விரல் சொல்வது எங்கே காதில் விழப்போகிறது என்பார் பிரிவுத் தலைவர் டாக்டர் யோகேஸ்வரி. நல்ல மூட்டு எலும்பாகத் தட்டுப்படும். நோய் ஏறிய மூட்டு, உரித்த டுக்குப் பழச் சுளை மாதிரி அமுங்கும். அன்றைக்கும் டாக்டர் ஷர்மைன் கண்ணை மூடி, பாசிர் கூடாங்கிலிருந்து வந்திருந்த சூசையம்மாளின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே பிடித்துப் பார்த்தாள். எல்லாமே அமுங்கின.

"மருந்த கூட்டணும் டாக்டர்," என்றாள்.

யோகேஸ்வரியும் கண்ணை மூடிக்கொண்டு அதே கைகளைப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"எங்கம்மா வீக்கம்? இவங்களுக்கு நல்லாயிருச்சு. உன் பேச்ச கேட்டு மருந்த கூட்டுனா ஈரல் என்னத்துக்கு ஆவும்? போன வாரமும் இப்படித்தான். நீ தொட்டா மட்டும் எல்லாருக்கும் வீங்குது, என்ன மாயம்லா இது?"

சூசையம்மாள் பொக்கை வாயால் சிரித்தாள். ஷர்மைன் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மதிப்பீடு. யோகேஸ்வரி கையெழுத்துப் போடாவிட்டால் பயிற்சி அதோடு சரி, மூட்டையைக் கட்டிக்கொண்டு மூவாரின் பொது வார்டுக்கே திரும்ப வேண்டியதுதான். வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்து வாங்கிய இடம். இதற்காகத்தான் பிள்ளை பெறுவதைக்கூடத் தள்ளிப் போட்டிருந்தாள்.

அவளுக்கு மண்டை காய்ந்தது. தப்பாகத் தொட்டிருந்தால் தப்பென்று ஒப்புக்கொள்ளலாம். அமுங்கியதே! சத்தியமாக அமுங்கியதே! செனாயில் வீட்டுக்கு வந்ததும், சிங்கப்பூரில் வேலை முடித்து அலுத்துப் போய் சோபாவில் சாய்ந்திருந்த புருஷன் டாரிலின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நோய் நொடி இல்லாத மனுஷன், வாரம் தவறாமல் பேட்மின்டன் ஆடுகிறவன். கண்ணை மூடினாள். சுட்டுவிரல் அமுங்கியது. நடுவிரலும் அமுங்கியது.

"கல்யாணமான புதுசுல கூட நீ இப்படி கைய பிடிச்சதில்லடி," என்றான் டாரில். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தான். "அலமாக், ஏன் இப்படி வெளுத்துப் போயிட்ட?"

"ஒன்னுமில்ல," என்று கையை விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில்தான் விஷயம் முற்றியது. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம். முன் பெஞ்சிலிருந்து திரும்பிய லெஸ்லி, மேசை நாற்காலி செய்கிற ஆசாரி, பலகை மாதிரி காய்ப்பேறிய கையை நீட்டினார். அந்தக் காய்ப்புக்கு அடியிலும் மெத்தென்று இருந்தது. பக்கத்தில் ராஜம்மா, அவளுக்கு அப்பால் பாட்டுக்குழுப் பெண்கள். ஒவ்வொரு கையாக வந்தது, எல்லாரும் சிரித்துச் சிரித்துச் சமாதானம் சொன்னார்கள், ஒரு கையிலாவது எலும்பு தட்டுப்படவேண்டுமே! ஒன்று, இந்தக் கோவில் நிறைய ஜனமும் உள்ளுக்குள் உளுத்துக்கொண்டிருக்கிறது, அது தனக்கு மட்டும்தான் தெரிகிறது. இல்லையென்றால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இரண்டில் எது என்று கேட்டால் முதலாவதே தேவலை என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டாள், நினைத்ததற்காகப் பீடத்தைப் பார்த்து மன்னிப்பும் கேட்டாள். மீதிப் பூசை முழுக்கக் கைகளைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். பயமென்றால் அப்படியொரு பயம்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தீபனை ஸ்கேன் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தீபனும் அங்கே பயிற்சியில் இருக்கிற டாக்டர்தான், வாயாடி. ஸ்கேன் பழகுவதற்கு நோயாளி கிடைக்காதபோது ஃபெல்லோக்கள் மாற்றி மாற்றித் தங்கள் கையையே கொடுப்பார்கள். நோயில்லாத கை எப்படியிருக்கும் என்பதற்கு அவர்களே மாதிரி.

அறையில் விளக்கில்லை, திரையின் வெளிச்சம் மட்டும். ஏர்கோன் குளிர் எலும்பைத் துளைத்தது. முதலில் அவன் விரலைத் தொட்டுப் பார்த்தாள், அமுங்கியது. பிறகு களிம்பைத் தடவிக் கருவியை வைத்தாள். திரையில் எலும்பின் வெள்ளைக் கோடு, அதன்மேல் கறுப்பு. அழற்சி இருந்தால் அந்தக் கறுப்பில் ரத்த ஓட்டம் சிவப்பாகப் பொரியும். ஒரு பொட்டுச் சிவப்பில்லை. விரல் விரலாகப் பார்த்தாள், எங்கேயும் இல்லை.

"நான் ரொம்ப சுத்தமான ஆளு அக்கா, மாப்பிள்ள பாக்க வரவங்ககிட்ட இந்தப் படத்தயே காட்டலாம் போல," என்றான் தீபன். "சரி, இப்ப உங்க கைய குடுங்க. வெள்ளிக்கிழம எனக்கும் பரீட்சதானே?"

அவள் வலது கையை நீட்டினாள். அந்தக் கையின் கட்டைவிரல் மூட்டில் அவன் கருவியை வைத்ததும் திரையில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூட்டைச் சுற்றிச் சிவப்பு பரவியது. தீபன் திரையருகே குனிந்தான். ஏதோ குமிழைத் திருகினான், கருவியைத் துடைத்தான், தன் விரலில் வைத்துப் பார்த்தான். கறுப்பு. திரும்ப அவள் கட்டைவிரலில் வைத்தான். சிவப்பு. இடது கட்டைவிரலிலும் அதேதான்.

ஷர்மைனுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அமுங்கியது சூசையம்மாளின் விரல் இல்லை. டாரிலுக்கு ஒன்றுமில்லை, லெஸ்லிக்கும் ஒன்றுமில்லை. அந்தக் கைகளில் எலும்பு எலும்பாகத்தான் இருந்திருக்கிறது, அதைத் தொட்ட இவளுடைய கட்டைவிரல்தான் வீங்கிக் கிடந்திருக்கிறது. தன் வீக்கத்தைத்தான் இத்தனை பேர் கையிலும் தடவித் தடவிப் பார்த்திருக்கிறாள். காலையில் பல்பொடி டப்பாவைத் திறக்க முடியாததற்கு, செனாயிலிருந்து கார் ஓட்டுகிற அலுப்பென்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டவள். நோயாளி யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கண்ணைத் திறக்காமலே நோயின் பெயரைச் சொல்லியிருப்பாள். ஊர் உளுக்கவில்லை என்று சந்தோஷப்படக்கூட அவளால் முடியவில்லை. கையை வைத்துப் பிழைக்கிற படிப்பு. இந்தக் கையை வைத்துக்கொண்டு இனி யாரைத் தொட்டு என்ன சொல்வது?

"அக்கா," என்றான் தீபன் மெதுவாக. "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழம முடியட்டும்."

அவள் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. யோகேஸ்வரி. வராந்தா வெளிச்சத்திலிருந்து வந்தவருக்கு இருட்டில் ஆள் அடையாளம் தெரியவில்லை, நேரே திரைக்குத்தான் போனது பார்வை.

"அடேயப்பா, நல்லா புடிச்சிருக்கீங்களே! இப்படியொரு அழற்சிய பாத்து எவ்ளோ நாளாச்சு," என்று குனிந்தார். "பாவம். யாரோட கை இது?"

தீபன் ஷர்மைனைப் பார்த்தான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. திரையில் அந்தச் சிவப்பு, அவளுடைய நாடியோடு சேர்ந்து, வேகம் வேகமாகத் துடிக்க ஆரம்பித்தது.