பிளொப்பியில் போன கடிதம்

சுதர்ஷினி குவைத்திலிருந்து திரும்பி வந்து பதினைந்து நாளாகியும் ஊர்மிளா அவளைப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை. பெற்ற தாய் வா என்று கடிதம் போட்டும் வராமல் இருந்துவிட்டு, எல்லாம் முடிந்து ஒன்றரை வருஷம் கழித்துப் பெட்டியோடு வந்து இறங்குகிறவளிடம் என்ன பேசுவது? அந்தக் கடிதத்தைத் தாய் மீனம்மா சொல்லச் சொல்லத் தட்டெழுதியவளே ஊர்மிளாதான். சாவு வீட்டில் அதை நாலு பேரிடம் சொன்னவளும் அவள்தான். நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். கந்தப்பளைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சொல் ஒரு லயத்து வரிசை வீட்டில் விழுந்தால் அடுத்த லயத்துக்குப் போக எவ்வளவு நேரம் பிடிக்கும்?

அதனால் 2004 மாசியில் ஒரு சனிக்கிழமை காலை சுதர்ஷினியே வாசலில் வந்து நின்றபோது ஊர்மிளா சிரிக்கவில்லை. இரும் பிள்ளை என்று நாற்காலியைக் காட்டினாள், அவ்வளவுதான். தேத்தண்ணி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரி இப்படி ஒருவரை வெறும் வாயோடு உட்கார வைப்பதென்றால் கோபம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுதர்ஷினி கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதற்குள், தொலைநகலில் வந்த பெக்ஸ் தாள் ஒன்று மடித்தபடி. "அக்கா, இது அம்மா அனுப்புனது. நீங்கதான் அடிச்சுக் குடுத்தீங்கன்னு கடைக்கார இராமையா மாமா சொன்னாரு. இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குச் சொல்லுங்க" என்றாள்.

உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதா என்று கேட்க வாயெடுத்தவள் தாளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். தாளில் தமிழ் இல்லை. பெரிய ஆர், சின்ன ஜே, எச், பிறகு எம், கே, அரைப்புள்ளி, கே, மறுபடி எச் என்று ஆங்கில எழுத்துகள் வரிவரியாகக் கிடந்தன. ஒன்றும் ஒன்றோடு சேர்ந்து ஒரு சொல்லாகவில்லை. மேலே, போன் பேசவும் பெக்ஸ் அனுப்பவும் போகிற நுவரெலியாக் கொமியூனிகேஷன் கடையொன்றின் தொலைபேசி எண்ணும், 2002 ஆனி மாதத் திகதியும் இருந்தன.

என்ன நடந்தது என்று ஊர்மிளாவுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

தோட்டப் பாடசாலை ஆசிரியர் துரைராசாவைக் கட்டிக்கொண்டு அவள் இங்கே வந்து பன்னிரண்டு வருஷம். இரண்டாயிரமாம் ஆண்டில் அவர் கொழும்பிலிருந்து பழைய கொம்பியூட்டர் ஒன்றையும், ஊசிகள் குத்திக் குத்தி அச்சடிக்கும் பிரிண்டர் ஒன்றையும் வாங்கிவந்தார். ஊர்மிளா தமிழ்த் தட்டெழுத்துப் படித்தவள். கொழும்புக்காரர் போட்டுக் கொடுத்த எழுத்துருவோ அவள் படித்த அதே விசை வரிசையில் இருந்தது. கலியாண அட்டை, பூப்பெய்தல் அழைப்பு, தோட்டத்துரைக்கு மனு எல்லாம் அவளிடம் வந்தன. அவளுக்கு அதில் பெருமை; பெருமை என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை.

மீனம்மா வந்த நாளில் அந்தப் பெருமைதான் குறுக்கே நின்றது. தபால் போய்ச் சேர ஒரு மாதம் ஆகும், தனக்கு அத்தனை நாள் இல்லை என்று மீனம்மா சொன்னாள். மகள் அவசரத்துக்கென்று கொடுத்திருந்த பெக்ஸ் எண்ணைச் சேலை முடிச்சிலிருந்து எடுத்தாள். ஒரு கொப்பித் தாளில் கையால் எழுதிக் கொடுத்திருந்தால் பத்து நிமிஷ வேலை. ஊர்மிளா கொம்பியூட்டரைப் போட்டாள். நான் பேசுற மாதிரியே அடிங்க, அப்பத்தான் அது நான்னு அவளுக்குத் தெரியும் என்று மீனம்மா கேட்டுக்கொண்டாள். ஊர்மிளா ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அச்சடிக்கப் போனால் பிரிண்டர் அரை வரி அடித்துவிட்டு நின்றது. கம்பியைக் கழற்றி மாட்டினாள். நாடாவைப் பென்சிலால் சுற்றி இறுக்கினாள். அச்சு வரிசையில் சிக்கிக் கிடந்த பழைய கட்டளைகளை அழித்துவிட்டு, எல்லாவற்றையும் அணைத்துப் போட்டாள். தாள் கோணலாக உள்ளே போய்ச் சுருண்டதுதான் மிச்சம். அப்போதாவது பேனையை எடுத்திருக்கலாம். கடிதத்தைப் பிளொப்பித் தட்டில் ஏற்றி, நுவரெலியா வலயக் கல்விப் பணிமனைக்குப் புறப்பட்ட துரைராசாவிடம் கொடுத்துவிட்டாள். கொமியூனிகேஷனில் அச்செடுத்து அப்படியே பெக்ஸ் பண்ணச் சொல்லுங்கோ என்று எண்ணையும் எழுதிக் கொடுத்தாள்.

கடிதத்தை அனுப்பினாள், எழுத்துருவை அனுப்பவில்லை. அது தன் வீட்டுக் கொம்பியூட்டரில் மட்டும் இருப்பது என்று நினைக்கவே இல்லை. எழுத்துரு இல்லாத இயந்திரம் அடியில் கிடக்கும் ஆங்கில எழுத்தைத்தான் காட்டும். கடையில் இருந்தவள் தமிழ் தெரியாத சிங்களப் பெண். ஏதோ எழுத்து வந்தது, அனுப்பிவிட்டாள். துரைராசா பணிமனை வேலையை முடித்துவந்து, போய்விட்டதா என்று கேட்டுப் பிளொப்பியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒருவரையும் குற்றம் சொல்ல முடியாது, ஊர்மிளாவைத் தவிர.

"நீர் இதை ஆரிட்டையும் காட்டேல்லையா?" என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

இல்லை என்றாள் சுதர்ஷினி. அவள் அதை ஆங்கிலக் கடிதம் என்றே நினைத்திருக்கிறாள். எட்டாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனவளுக்கு ஆங்கிலத்தில் எழுத்துத் தெரியும், சொல் தெரியாது. அவள் வெளிநாடு போவது மீனம்மாவுக்குப் பிடிக்கவில்லை. புறப்பட்ட அன்று காலை, போனா அப்படியே போயிரு, என் மூஞ்சில முழிக்காத என்று சொல்லியிருந்தாள். அப்படிப்பட்ட அம்மா ஆட்களைப் பிடித்து ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள் என்றால், அது குவைத்தில் அவள் வேலை செய்த வீட்டுக்காரர்கள் படிப்பதற்குத்தான். என் பிள்ளையைத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டிருப்பாள். இல்லாவிட்டால் தன்னைத் திட்டியிருப்பாள். அந்தப் பயத்தில் தாளை உடுப்புக்கு அடியில் ஒளித்துவிட்டாள். இரண்டு மாதத்தில் அம்மா போய்விட்ட செய்தி வந்தது. அதற்குப் பிறகு அதை யாரிடமும் நீட்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"அந்த ஆடி மாசம் அவங்க குடும்பத்தோட வெளிநாடு போனாங்க அக்கா. ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு வர்றியான்னு மேடம் கேட்டாங்க. நான்தான் வேணாம்னேன். கூப்புடாத வீட்டுக்கு எதுக்குப் போறதுன்னு இருந்துட்டேன்" என்றாள். பிறகு, "லயத்துல ஒருத்தரும் என்கூட மொகங்குடுத்துப் பேசல. அம்மா கூப்பிட்டாங்களாம், நான் வரலையாம். அது நெசமா? எனக்கு அது மட்டும் தெரியணும்" என்று ஊர்மிளாவின் முகத்தையே பார்த்தாள்.

ஊர்மிளா எழுந்து கொம்பியூட்டரைப் போட்டாள். அந்தக் கடிதம் இயந்திரத்தில் இல்லை. போன வருஷம் ஹார்ட் டிஸ்க் பழுதாகி எல்லாம் போய்விட்டது. திருத்தியவர் வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் பெக்ஸில் உள்ள எழுத்துகளை வரிசையாக அடித்துப் பார்த்தாள். தமிழ் வந்தது, ஆனால் பொருள் இல்லாத தமிழ். ஒவ்வொரு விசையிலும் இப்போது வேறு எழுத்து உட்கார்ந்திருந்தது. அலுமாரிக்குள் பழைய பிளொப்பிப் பெட்டி கிடந்தது. எழுத்துரு என்று அவள் கையால் எழுதி ஒட்டிய பிளொப்பியை எடுத்துத் துடைத்துப் போட்டாள். இயந்திரம் கரகரவென்று சத்தம் போட்டுவிட்டு, வாசிக்க முடியவில்லை என்றது. மூன்று தரம் போட்டாள். மூன்று தரமும் அதே பதில். கொழும்புக்காரரோ கனடா போய் இரண்டு வருஷம்.

திரையைப் பார்த்தபடி சோர்ந்து உட்கார்ந்தவளின் வலது கை, பழக்கத்தில், விசைகளின் மேல் போய் அமர்ந்தது. நடுவிரல் இருந்த விசையில் ஆங்கிலத்தில் கே என்று எழுதியிருந்தது. ஆனால் விரலுக்கு அது கே இல்லை. விரலுக்கு அது 'ம'. யாழ்ப்பாணத்தில் கைகளின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டுத்தான் அவளுக்குத் தட்டெழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். எந்த விசை எந்த எழுத்து என்று கண்ணைக் கேட்டால் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

குழப்பாமல் இருக்கட்டும் என்று திரையை அணைத்தாள். தாளை எதிரே சாய்த்து வைத்தாள். பெரிய ஆருக்கு விரல் போனது: சு. ஜேயும் எச்சும்: தா. "சுதா" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சுதர்ஷினி நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அந்தப் பெயரால் அவளை அழைக்க இனி உலகத்தில் ஆள் இல்லை.

வேலை மெதுவாகத்தான் நடந்தது. பெக்ஸ் தாள் வெளிறிப் போயிருந்தது. காற்புள்ளி என்றால் 'இ', அரைப்புள்ளி என்றால் மெய்யெழுத்தின் புள்ளி. வெளிறிய தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. துரைராசாவின் பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்து, விரலை வைத்து, ஒரு சொல் முடிந்ததும் சத்தமாகச் சொன்னாள். "சுதா, அம்மா பேசுறேன். நல்லா இருக்கியா. எனக்கு வயித்துல கட்டியாம். ஆஸ்பத்திரியில படம் புடிச்சுப் பாத்துட்டுச் சொன்னாங்க. வெட்டியும் பிரயோசனம் இல்லையாம்."

சுதர்ஷினி அழவில்லை. அது அவளுக்குத் தெரிந்த விஷயம். அடுத்தது என்ன என்பதுபோலத் தாளைப் பார்த்தாள்.

ஊர்மிளாவின் விரல்கள் நின்றன. அடுத்தது என்ன என்று அவளுக்கு நினைவு வந்துவிட்டது. இந்தத் தாளை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள். அவள் சொல்வதுதான் கடிதம். ஆடி மாதம் வர முடிந்தும் வராதவளிடம், உன் அம்மா உன்னைக் கூப்பிட்டாள் என்று சொல்லித்தான் ஆக வேண்டுமா? கூப்பிடவில்லை என்று சொன்னால் இந்தப் பெண் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவாள். தன்னுடைய பிழையும் பாதி குறையும். அந்த இரண்டாவது எண்ணமும் அவளுக்குள் வந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

விரல்களை விசைகளின் மேல் சும்மா ஓட்டிக்கொண்டு, "நீ ஒண்டுக்கும் யோசியாதை. வேலையைக் கவனமாச் செய். அங்கையே இரு" என்றாள்.

சுதர்ஷினி ஊர்மிளாவின் கையைத் தொட்டாள்.

"அக்கா, அம்மா ஒண்டுன்னு சொல்ல மாட்டாங்க" என்றாள். "யோசியாதைன்னும் சொல்ல மாட்டாங்க. இது உங்க பேச்சு. என்ன இருக்கோ அதச் சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்."

ஊர்மிளாவுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்தில் விரலை வைத்தாள். இந்தத் தடவை நிறுத்தவில்லை.

"நீ போறப்ப நான் பேசுனத மனசுல வச்சிக்காத. கோவத்துல பேசுனது. ஆடி முடியிறதுக்குள்ள ஒரு தடவ வந்துட்டுப் போயிரு. ஒன் கையால ஒரு வாய் தண்ணி குடிச்சாப் போதும். வர முடியாட்டி முடியாதுன்னு சொல்லிரு, நான் மனசத் தேத்திக்குவேன். வர்றதா இருந்தா சரின்னு ஒரு வார்த்த இராமையா கடைக்குச் சொல்லியனுப்பு. வேற ஒண்ணும் வேணாம்."

கடிதம் அவ்வளவுதான். வெளியே எங்கோ கொழுந்து லொறி ஏறும் சத்தம் கேட்டது. சுதர்ஷினி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் சரின்னு சொன்னேனே அக்கா" என்றாள்.

அந்த வாரம் அவள் இராமையா கடைக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். கடிதம் கிடைத்ததா, அம்மாவுக்கு என்ன சொல்லட்டும் என்று இராமையா கேட்டிருக்கிறார். மேடம் பக்கத்திலேயே நின்றதால் ஒன்றும் பேச முடியவில்லை. சரி என்று சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். போனை வைக்க ஒரு சொல் வேண்டும், அதற்காகச் சொன்ன சரி.

ஊர்மிளாவுக்கு மீனம்மாவின் அந்த இரண்டு மாதமும் தெரியும். அதை மறைக்க இனி அவளால் முடியாது. சரி என்ற சொல் வந்த மறுநாளே மீனம்மா தன் லயத்து வீடான காம்பராவுக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்ததைச் சொன்னாள். மகள் வருகிறாள் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்ததைச் சொன்னாள். நடக்க முடிந்த வரைக்கும் பின்னேர பஸ்ஸுக்குப் போய் நின்றாள்; முடியாமல் போனபிறகு பஸ் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள். கடைசி வரை அவள் மகளைக் குறை சொல்லி ஒரு சொல் பேசவில்லை. வந்துருவா, சரின்னு சொல்லியிருக்கா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். குறை சொன்னவர்கள் மற்றவர்கள்தான்.

சொல்லி முடித்துவிட்டு ஊர்மிளா எழுந்து நின்றாள். "எல்லாம் என்ர பிழை, பிள்ளை. கையால எழுதிக் குடுத்திருந்தா நீர் வந்திருப்பீர். உம்மைப் பற்றிக் கதைச்சதும் நான்தான். திங்கக்கிழமை விடியப் பெரட்டுக் களத்துக்கு வாறன். பேர் கூப்பிடேக்கை எல்லாரும் நிப்பினம். எல்லாருக்கும் முன்னால இதைச் சொல்லுறன்" என்றாள்.

சுதர்ஷினி தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் ஊர்மிளாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"லயத்து ஆளுங்களுக்கு நீங்க சொல்லிருவீங்க அக்கா. அம்மாவுக்கு யாரு சொல்றது?" என்று கேட்டாள்.