ஒலிநாடாவில் இல்லாத சொடக்கு

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு மார்ச்சு மாதம் பதினோராம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பத்து இருபதுக்கு, தாடை மருத்துவரின் அறையில் என் தங்கையின் வாய் இருபத்து நான்கு மில்லிமீட்டர் மட்டுமே திறந்தது. குறைந்தது நாற்பது மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும். தங்கை வானொலியில் கதை வாசிப்பவள். இருபத்தோர் ஆண்டுகளாக அதுவே அவள் பிழைப்பு.

மருத்துவர் இளம் பெண். மேசையிலிருந்த மண்டையோட்டு மாதிரியை எங்கள் பக்கம் திருப்பி, காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்தார். அங்கே ஒரு குழி. குழிக்குள் கீழ்த்தாடையின் உருண்டை முனை. இரண்டுக்கும் இடையே மெல்லிய வட்டு ஒன்று.

"இது எலும்பு இல்லம்மா, நார். ஓரம் தடிப்பு, நடுவுல மெல்லிசு. முனை மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். வாயைத் திறந்தா முனை முதல்ல சுழலும், அப்புறம் முன்னால வழுக்கும். தொப்பியும் கூடவே போகணும்."

எழுபத்தொரு வயது வரை இந்த மூட்டைக் கொண்டே உண்டும் பேசியும் வந்திருக்கிறேன். அதன் நேர்த்தியை அன்றுதான் அறிந்தேன். அது கதவின் கீலைப்போலச் சுழல்கிறது; மேசையின் இழுப்பறையைப்போல நகரவும் செய்கிறது. வலமும் இடமும் ஒரே எலும்பின் இரு முனைகளாதலால், ஒன்றை விட்டு மற்றொன்று தனியே அசைய இயலாது. ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் நடந்து முடிந்துவிடுகிறது.

தங்கையின் வலப்பக்க வட்டு முன்னால் நழுவியிருந்தது. அவ்வாறு நழுவினாலும், வாய் திறக்கும்போது முனை வட்டின் தடித்த பின்னோரத்தைத் தாண்டி அதன்மேல் ஏறிவிட்டால் 'சொடக்' என்று ஒலிக்கும். வாயும் முழுதாகத் திறக்கும். ஏற முடியாமற்போனால் ஒலி நின்றுவிடும். வட்டு, கதவுக்கு முன்னால் சுருண்ட மிதியடிபோல் வழியை அடைத்துக்கொள்ளும்.

"சொடக்கு எப்ப நின்னுச்சு?" என்றார் மருத்துவர்.

"ஆறு மாசம் ஆச்சு டாக்டர். சரியாயிடுச்சுன்னு நிம்மதியா இருந்தேன். இறுக்கம் மட்டும் இப்பத்தான் தெரியுது."

"மைக்குக்கு முன்னால வாயைச் சின்னதாத் திறந்தே பழகியிருப்பீங்க, அதான் தெரியல. பூட்டு பழசு. ரெண்டு வாரம்னா கையாலயே விடுவிச்சுப் பார்த்திருப்பேன். இனிமே ஊசி வழியாத் தண்ணி மருந்து விட்டு மூட்டைக் கழுவிப் பார்க்கணும், கேக்கலன்னா ஆபரேஷன்." முகத்து நரம்பு அவ்வழியே செல்வதால் உதட்டசைவு சில காலம் குன்றலாம் என்றும், அரிதாக அப்படியே நின்றுவிடலாம் என்றும் மறைக்காமல் சொன்னார்.

தங்கை உதட்டைக் கையால் மூடிக்கொண்டாள்.

எங்களைக் காரில் அழைத்து வந்த ஒலிப்பதிவாளர் நடைக்கூடத்தில் இருந்தார். நிலையத்தில் அவர் பெயர் கத்திரி. புதன்கிழமைப் பதிவை நிறுத்தச் சொல்ல வெளியே வந்தேன்.

"ஆறு மாசமாப் பூட்டிக் கிடக்காம் தம்பி."

"ஆறு மாசமா? போன மாசக் கடைசி வரைக்கும் அந்தச் சொடக்கப் பதிவுலேர்ந்து நான்தானேம்மா வெட்டிக்கிட்டிருந்தேன்."

அவரைக் கையோடு உள்ளே அழைத்து வந்தேன். அவர் சொன்னதை அங்கே சொன்னதும் தங்கை அவரை முறைத்தாள்.

"ஆறு மாசத்துக்கு முன்னால ஒருவாட்டி சத்தம் வருதுக்கான்னு சொன்னேன். 'என் வாயில ஒண்ணும் இல்ல, உன் மைக்கப் பாரு'ன்னீங்க. அதுலேர்ந்து சொல்லாமலே வெட்டிட்டேன்."

அவள் ஒலிபரப்பானதை மட்டுமே கேட்பாள். அதில் சொடக்கு இல்லை. ஆகவே தாடையிலும் இல்லையென்று முடிவுகட்டிவிட்டாள். காதுக்குள் கேட்டுப் பழகிய ஓசையை அதன்பின் அவள் பொருட்படுத்தவில்லை.

"எனக்குத் தெரியாம என் தாடைய ரிப்பேர் பண்ணிட்டிருந்தியாடா?"

"தாடைய இல்லக்கா, டேப்ப."

வெட்டாத மூலப்பதிவுகள் அனைத்தும் அவருடைய மடிக்கணினியில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருந்தன. இத்தகைய ஒழுங்கை மிகச் சில அலுவலகங்களிலேயே கண்டிருக்கிறேன். மருத்துவர் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டார்.

"வாய் திறக்கறப்போ பெரிசா ஒண்ணு. மூடறப்போ சின்னதா ஒண்ணு. நல்லாக் கேளுங்க," என்றார் கத்திரி.

"ஏறுறது ஒண்ணு, இறங்குறது ஒண்ணு. படிச்சுட்டு வர்றவங்களுக்கே இது பிடிபட நாளாகும். நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

"வெட்டணும்னா ரெண்டையும் கண்டுபிடிச்சாகணுமே."

பிப்ரவரி இருபத்தைந்தாம் நாள் பதிவில் இரண்டு ஒலிகளும் இருந்தன. இருபத்தேழாம் நாள் பதிவில் இரண்டும் இல்லை. மருத்துவர் அதை மூன்று முறை கேட்டார். பிறகு தம் குறிப்பிலிருந்த 'ஆறு மாதம்' என்பதை அடித்துவிட்டு, 'அதிகம் போனால் பதினான்கு நாள்' என்று எழுதினார்.

காதருகே மரத்துப்போகும் ஊசி போட்டுச் சற்று நேரம் காத்திருந்தார். பின் கையுறையணிந்த பெருவிரலைக் கீழ்க் கடைவாய்ப்பல்லின்மேல் வைத்து, கீழே அழுத்தி, மெல்ல முன்னால் இழுத்தார். முதல் முறை ஒன்றும் நிகழவில்லை. இரண்டாம் முறை தங்கையின் கண்கள் அகன்றன. அளவுகோல் முப்பத்தெட்டைக் காட்டியது.

"திரும்ப நழுவலாம். நழுவாதுன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார் மருத்துவர்.

நண்பகலுக்குள் முடிவு செய்யப்பட்டவை இவை: அறுவை சிகிச்சை இப்போதைக்கு இல்லை. பற்களின்மேல் அணியும் கவசம் ஆறு வாரம், மென்மையான உணவு, கொட்டாவி வந்தால் முகவாயைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை கதைப்பதிவு இல்லை. அதன்பின் ஒரு முறைக்குக் கால் மணி நேரம். ஏப்ரல் இருபத்திரண்டாம் நாள் மறுபடி அளப்பது.