புள்ளி இல்லாத அறிவிப்பு

காய்ச்சல் சொட்டு மருந்து பற்றி மருத்துவர் ஒருவர் எழுதிய கட்டுரையை அவள் காலை பத்தரைக்குச் செய்தித்தளத்தில் ஏற்றினாள். முழுதாகப் படிக்கவில்லை. அந்த அலுவலகத்தில் யாருக்கும் அதற்கு நேரமில்லை. மென்பொருள் எதையும் நாலு வரியாகச் சுருக்கும். அந்த நாலு வரி வாசகர்களின் கைப்பேசிக்கு அறிவிப்பாகப் பறக்கும். முதலில் போடு, பிறகு சத்தமில்லாமல் திருத்து என்பதுதான் ஆசிரியரின் சட்டம்.

பதினோரு மணிக்குத்தான் அவள் கண்ணில் பட்டது. கைக்குழந்தைக்கு 0.5 மில்லி என்று மருத்துவர் எழுதியிருந்தார். அறிவிப்பில் 5 மில்லி என்றிருந்தது.

பக்கத்தைத் திருத்தினாள். பறந்துபோன அறிவிப்பை என்ன செய்வது? வீட்டில் எட்டு மாத மகள் காய்ச்சலோடு கிடந்தாள். லீவு போட்டுப் பார்த்துக்கொள்ளும் கணவனோ, மனைவியின் தளத்தில் வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவன்.

மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தான்.

"மருந்து குடுத்தீங்களா?"

"உங்க ஆபீஸ்ல சொன்ன அளவுதான். அஞ்சு."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஆனா உன் மகாராணி ஒரு சொட்டு முழுங்கல. மொத்தமும் என் சட்டையில. கழுவிட்டு இப்பத்தான் மறுபடி ஊத்தறேன்."

"கீழ வைங்க. அது தப்புங்க. போட்டது நான்தான்."

எதற்கும் குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லிவிட்டு ஆசிரியரிடம் ஓடினாள். திருத்தியாயிற்றே, பிறகு ஏன் ஊரைக் கூட்ட வேண்டும் என்றார் அவர். நாற்பதாயிரம் பேருக்குத்தானே போயிருக்கிறது என்று வேறு சொன்னார்.

நாற்பதாயிரம் வீட்டுக் குழந்தைகளும் துப்பியிருக்குமா?

அவரைக் கேட்காமலே புது அறிவிப்பு எழுதினாள். 'காலையில் நாங்கள் சொன்ன மருந்தளவு தவறு. கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.' கீழே தன் சொந்த எண்ணைச் சேர்த்து அனுப்பிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பாதிப் படி இறங்குவதற்குள் கைப்பேசி அடித்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரல்.

"நாங்க குடுத்துட்டோமே. பத்து நிமிஷம் ஆச்சு. தூங்கறான்."

அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். ஓடி ஒளியத்தான் தோன்றியது.

"தூங்கட்டும்னு விடாதீங்க. அவனைத் தூக்குங்க. மருந்து பாட்டிலையும் எடுத்துக்குங்க. பேசிக்கிட்டே வண்டியில ஏறுங்க. நான் லைன்லயே இருக்கேன்."