நின்று நின்று ஆடும் பம்ப்

புவனகிரி வயல்களுக்கு நடுவே உள்ள சின்ன எண்ணெய்க் கிணற்றில் அஃப்சல் இன்ஜினியர். எண்ணெய் தானாக மேலே வராததால், தலையாட்டும் பம்ப் ஒன்றை வைத்து இழுக்கிறார்கள். அதற்கும் வராவிட்டால் கிணற்றை மூடிவிடுவார்கள். அஃப்சல் மறுபடி குவைத்துக்குப் போக வேண்டியதுதான். மனைவி தஸ்னீமோ பிள்ளைத்தாச்சி.

நேற்று பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், பம்ப் அசையாமல் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி என்ற கடமைக்கு அவன் அம்மா மலிகாவிடம் ஒரு வார்த்தை சொன்னேன். சாயங்காலத்துக்குள் பரணிலிருந்து குவைத் பெட்டி இறங்கிவிட்டது. தஸ்னீம் அழுதுகொண்டே சட்டைகளை மடித்தாள். நானும் கூட இருந்து பார்த்தேன்.

அஃப்சல் வந்து பெட்டியைப் பார்த்தான்.

"யாரும்மா ஊருக்குப் போறது?"

"நீதான்டா. உன் பம்ப் நின்னுபோச்சாமே!"

"நான்தாம்மா நிறுத்துனேன். ஓயாம இழுத்தா வெறும் கேஸ்தான் வருது. கொஞ்ச நேரம் சும்மா விட்டா எண்ணெய் ஊறுது, அப்புறம் இழுத்தா முன்னவிட ஜாஸ்தி வருது. கிணத்த மூடலன்னு ஆபீஸ்லயும் சொல்லிட்டாங்க."

தஸ்னீம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டைகளை அலமாரியில் திருப்பி வைத்தாள். மலிகா என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் கொஞ்ச நேரம் சும்மா இருந்து பாருங்களேன், அக்கா."

இன்று போகும்போதும் பம்ப் நின்றுகொண்டுதான் இருந்தது. ஊறட்டும் என்று விட்டுவிட்டேன்.